அம்மங்கை தேவியார்

சோழரின் பெருமை பேசுவோர் வாளையே பெரிதும் போற்றுவர். பிறந்தகம் நீங்கி அயல்நாடு புகுந்த அரசகுமாரியரை நினைப்பவர் சிலரே. அவருள் ஒருவர், முதலாம் இராசேந்திர சோழன் திருமகளார் அம்மங்கை தேவியார்.

கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட வேங்கி நாட்டின்பொருட்டுச் சோழரும் மேலைச் சளுக்கரும் ஓயாது பொருதனர். ஆதலின் முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை வேங்கி விமலாதித்தனுக்கு மணஞ்செய்வித்தான். அவர்தம் மைந்தன் இராசராச நரேந்திரன் 1022-இல் முடிசூடினான். தன் மாமன் மகளாம் அம்மங்கையை மணந்தான். நன்னயர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது இவனது அவையிலேதான்.

எனினும் அம்மையாருக்கு அமைதி வாய்த்திலது. கணவனின் மாற்றாந்தாய் மகனான விசயாதித்தன், மேலைச் சளுக்கர் துணைகொண்டு அரசைக் கவர்ந்தான். 1061-இல் கணவன் இறந்தபின்னரும், அம்மையாரின் மைந்தன் இராசேந்திரனுக்குரிய அரியணை அவன் வசமே ஆயிற்று.

காலம் வேறொன்று கருதியது. 1070-இல் அதிராசேந்திர சோழன் மறையவே, சோழநாடு தலைவனின்றித் தத்தளித்தது. அப்போது அம்மங்கையின் மைந்தனே முதலாம் குலோத்துங்கன் என முடிசூடி, அரை நூற்றாண்டளவு ஆண்டு, சுங்கந்தவிர்த்த சோழன் எனப் பெயர்பெற்றான்.

உடன்படிக்கைக்கு ஈடாகப் பெண்ணைக் கொடுத்தல் இக்காலத்தார் உள்ளம் ஒப்பாத வழக்கு. அம்மணம் வேங்கிக்கு அமைதி தரவுமில்லை. ஆயினும் வேங்கியைக் காக்க அனுப்பிய மகளின் வயிற்றுப் பிள்ளையே காவிரிநாட்டைக் காத்தான் என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.