டெகார்ட் துரையின் கோட்டைகள்

வங்கத்துப் புரட்சி வீரர்களின் சரித்திரம் படித்த நேயர்கள் சர் சார்லஸ் டெகார்ட்டை மறந்திரார். 1881-இல் அயர்லாந்தின் லண்டன்டெரியில் பாதிரியார் ஒருவரின் புதல்வராய்ப் பிறந்து, டப்ளினில் கல்வி பயின்று, 1901-இல் இந்தியப் போலீஸ் உத்தியோகம் ஏற்றவர் அவர். ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட ஒரு தேசத்தவர், மற்றொன்றை அடக்கிவைக்கப் புறப்பட்டார்.

1915-இல் பாலேசுவரத்தில் ஜதீந்திரநாத் முகர்ஜியை வளைத்த படையில் டெகார்ட் இருந்தார். 1923-இல் கல்கத்தாப் போலீஸ் கமிஷனரானார். இன்று நாரணாபுரம் வட்டாரமெங்கும் அடுப்பெரியக் காரணமான தீப்பெட்டித் தொழிலைக் கற்க, சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அந்நகருக்குச் சென்ற காலமும் ஏறக்குறைய அதுவே.

1924 ஜனவரியில் கோபிநாத் சாகா என்னும் இளைஞர், டெகார்ட் என்றெண்ணி எர்னஸ்ட் டே என்ற வேறொரு வெள்ளையரைச் சுட்டுக் கொன்று தூக்குமேடை ஏறினார். நிரபராதி ஒருவர் மாண்டதை வீரமென்று கொண்டாட நமக்கு மனம் வரவில்லை. 1930 ஆகஸ்டில் டல்ஹவுசி சதுக்கத்தில் வீசப்பட்ட வெடிகுண்டுக்கும் டெகார்ட் தப்பினார். அவர் அஞ்சா நெஞ்சர். அதை மறுப்பது நேர்மையன்று. நமது வழக்கு அவருடைய தைரியத்தின்மேலன்று, அவர் தாங்கி நின்ற முறையின்மேல். கல்கத்தா நகரசபையின் பிரதம நிர்வாகியாயிருந்த சுபாஷ் சந்திர போஸ், 1924 அக்டோபரில் 1818-ஆம் வருஷத்து மூன்றாவது ரெகுலேஷன்படி பிடிக்கப்பட்டார். குற்றச்சாட்டுமில்லை, விசாரணையுமில்லை, 1927 வரை விடுதலையுமில்லை. நூற்றாண்டு கடந்த கட்டளையொன்றைக் காட்டி ஒரு நகரத்தின் நிர்வாகியைத் தூக்கிச் செல்லலாமெனில், நியாயஸ்தலங்கள் எதற்கு?

1931-இல் டெகார்ட் இந்தியாவை விட்டகன்றார். பாலஸ்தீனத்தில் அரபு மக்களின் கிளர்ச்சி மூளவே, 1937 டிசம்பரில் பிரிட்டிஷ் சர்க்கார் அவரை ஆலோசகராக அங்கு அனுப்பினர். அயர்லாந்தில் அட்டூழியத்துக்குப் பேர்போன 'பிளாக் அண்டு டான்' ஆட்கள் பலரைக்கொண்டு 1922-இலேயே அந்நாட்டில் சுமார் 700 பேர் கொண்ட ஆயுதப் போலீஸ் படை அமைந்திருந்தது. 1926-இல் அப்படை கலைந்தபோதும் ஆட்களில் ஒரு பகுதியினர் பாலஸ்தீனப் போலீஸில் சேர்ந்தனர். அந்தப் போலீஸை டெகார்ட் மேலும் பட்டாளமாக்கினார். வடவெல்லையில் முள்வேலி, தென்னாப்பிரிக்காவினின்று மோப்ப நாய்கள், நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட சிமெண்டுக் கோட்டைகள். ஜெருசலேமில் கைதிகளை வதைத்த விசாரணை நிலையமொன்று, மாவட்டக் கமிஷனர் கீத்-ரோச் என்னும் ஆங்கிலேயரே ஆட்சேபித்ததால் மூடப்பட்டது.

பலன் யாது? வேலியைக் கிராமத்தார் பிடுங்கியெறிந்தனர். 1938 அக்டோபரில் ஜெருசலேம் பழைய நகரமே கிளர்ச்சிக்காரர் கைக்குப் போயிற்று. போலீஸால் ஆகாததைப் பட்டாளம் புகுந்து முடித்தது. அவ்வாண்டே போலீஸும் இராணுவத் தளபதியின் ஆணைக்குட்பட்டது.

1946-இல் டெகார்ட் காலமானார். ஈராண்டில் பிரிட்டிஷார் அந்நாட்டை விட்டேகினர். லாட்ரூனில் அவர் திட்டப்படி எழுந்த கோட்டையை 1948-இல் அரபுப் படை கைக்கொண்டது. யூதப் படைகள் பன்முறை மோதியும் பிடிக்க முடியவில்லை. 1967-இல் அது இஸ்ரேல் வசமாகி, இப்போது கவசப் படையின் பொருட்காட்சிசாலையாக நிற்கிறது. சுவரில் குண்டுத் துளைகள் இன்றும் காணப்படுகின்றன.