பந்து வீச்சில் புகழ் கொண்ட பல்வங்கர் பாலு

நம் மும்பை மாநகரில் வாழ்ந்து, இந்நகரின் பெயரைக் கடல் கடந்தும் விளங்கச் செய்து மறைந்த பந்து வீச்சாளர் ஒருவரின் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக நம் சங்கக் குடும்பங்களின் முன் வைக்கின்றோம். அவர் தமிழரல்லர், கொங்கணக் கரையைச் சேர்ந்த பல்வன் என்னும் ஊரின் பெயரைத் தம் குடிப்பெயராகக் கொண்ட மராத்தியர். ஆயினும் பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர்களுள் அவரும் ஒருவர். தோல் தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்டதால் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட சாம்பார் சமூகத்தில் பிறந்தவர். திருநெல்வேலிச் சீமையினின்று வந்து தாராவியின் தோல் பதனிடும் கூடங்களில் உழைத்த நம் முன்னோர் பலருக்கு அவர் பட்ட பாடு புதியதன்று. ஆகவே அவர் வாழ்க்கை நமக்கும் உரியதேயாம்.

பாலு 1876ஆம் ஆண்டில் தார்வாரில் பிறந்தார். தந்தையார் படைத்துறையைச் சார்ந்து ஊழியம் செய்தவர். குடும்பம் பூனா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே வெள்ளைப் படைவீரர் விட்டெறிந்த பழைய பந்துகளையும் மட்டைகளையும் கொண்டு பாலுவும் அவர்தம் தம்பியரும் ஆடப் பழகினர். கல்வியை நீடிக்கக் குடும்பத்தில் வசதியில்லை. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட் கழகத்தில் திடலைப் பெருக்கிச் சமன் செய்யும் வேலை இளமையிலேயே பாலுவுக்குக் கிட்டியது. மாதச் சம்பளம் 3 ரூபாய். வேலை முடிந்த வேளைகளில் உறுப்பினர்க்குப் பந்து வீசுவதும் உண்டு.

சில ஆண்டுகளில் ஐரோப்பியரின் பூனாக் கழகத்தில் சேர்ந்தார். சம்பளம் 4 ரூபாயாயிற்று. உருளை உருட்டுதல், கோடு கிழித்தல், வலை கட்டுதல் ஆகியன அவர் கடமைகள். அவற்றோடு துரைமார் பழகுவதற்காக நாள்தோறும் பந்தும் வீசினார். அவர்களுள் ஜே. ஜி. கிரீக் என்னும் படைத்தலைவர் பேர்பெற்ற மட்டையாளர். பிறர் வருமுன்னரே திடலுக்கு வந்து பாலுவின் பந்துகளை எதிர்கொண்டு தம் திறனை வளர்த்துக்கொள்வார். தம்மை ஒருமுறை வீழ்த்தினால் எட்டணா தருவது அவர் வழக்கம் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. அது எவ்வாறாயினும், வலையிலே வீசிய அந்தப் பல்லாயிரம் பந்துகளே பாலுவுக்குப் பள்ளிக்கூடமாயின. இடக்கையால் மெதுவாக வீசும் சுழற்பந்து அவருடையது. பந்தை இருபுறமும் திருப்புவார், காற்றிலே வளைப்பார், உயரத்தையும் வேகத்தையும் மட்டையாளர் அறியாவண்ணம் மாற்றுவார். ஆனால் அக்கழகத்தில் மட்டை பிடிக்க அவருக்கு ஒருநாளும் வாய்ப்பளிக்கப்படவில்லை. பந்து வீசுவது பணியாளர் தொழில், மட்டை பிடிப்பது மேன்மக்கள் உரிமை என்பது அக்கால நியதி.

பூனா இந்துக்கள் ஐரோப்பியரோடு பொருத விரும்பியபோது ஓர் இக்கட்டு எழுந்தது. ஊரிலே சிறந்த பந்து வீச்சாளர் பாலுவே என்பதை யாவரும் அறிவர். ஆனால் அவரோடு ஒரே திடலில் நிற்பதா என்று உயர்குலத்து ஆட்டக்காரர் சிலர் தயங்கினர். இத்தகைய வீரரை ஒதுக்குவது பேதைமை என்று கிரீக் வெளிப்படையாகக் கூறவே, இறுதியில் பாலு சேர்த்துக்கொள்ளப்பட்டார். வெற்றியும் வந்தது.

அந்தச் சேர்க்கை எத்தகையது என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். திடலிலே பாலு வீசிய பந்தை அந்தணரும் தொட்டனர், பிடித்தனர், மீண்டும் அவர் கையிலேயே கொடுத்தனர். இடைவேளை வந்ததும் காட்சி மாறியது. ஏனையோர் ஓய்வறையினுள் பீங்கான் கோப்பைகளில் தேநீர் அருந்த, பாலு வெளியே நின்று, குடித்தபின் எறிந்துவிடும் மண்குவளையில் அருந்தினார். உணவுக்கும் தனித் தட்டு, தனி மேசை. அந்தப் பந்தும் தோலினால் ஆனதே. மாட்டுத்தோலைப் பதனிட்டவன் தீண்டத்தகாதவன். அத்தோலால் செய்த பந்து மட்டும் எல்லோர்க்கும் உரியது! இம்முரண்பாடு அன்றைய ஆட்டக்காரர் நெஞ்சை உறுத்தியதோ இல்லையோ, இன்று நம்மை உறுத்தத்தான் செய்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கொள்ளைநோய் பரவிய காலத்தில் பாலு பம்பாய் வந்து சேர்ந்தார். படைத்துறையிலும், பின்னர் பம்பாய் பரோடா மத்திய இந்திய ரயில்வேயிலும் பணியாற்றினார். நம்மவர் பலர் இந்நகரில் காலூன்றியதும் ரயில்வே அலுவலால் அன்றோ! 1894இல் தோன்றியிருந்த இந்து ஜிம்கானாவில் அவரைச் சேர்ப்பதற்கு இங்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆட்டத்தின் வெற்றியை நாடியோர் அதைக் கடந்து அவரைச் சேர்த்தனர்.

1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இந்துக்களும் ஐரோப்பியரும் பம்பாயில் மோதினர். இந்துக்கள் 109 ஓட்டங்களால் வென்றனர். பாலு அந்த ஆட்டத்தில் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆளும் இனத்தாரை ஆளப்படுவோர் அவர்தம் ஆட்டத்திலேயே வென்ற செய்தி நாடெங்கும் எழுச்சியூட்டியது. அடுத்த ஆண்டு முதல் ஐரோப்பியர், பார்சிகள், இந்துக்கள் ஆகிய மூவர் போட்டி நடைபெறலாயிற்று. 1912இல் முஸ்லிம்களும் சேர அது நால்வர் போட்டியாயிற்று. ஆண்டுதோறும் பாலுவும், அவர் தம்பியர் சிவராம், கணபத், விட்டல் ஆகியோரும் அப்போட்டிகளில் ஆடி இந்துக்களுக்குப் பெரும்பலமாய் விளங்கினர். அண்ணனுக்குப் பூனாவில் மறுக்கப்பட்ட மட்டையைத் தம்பியர் பிடித்து ஓட்டங்களைக் குவித்தனர்.

1911இல் பாட்டியாலா மகாராஜா பூபீந்தர் சிங் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. பல சமயத்தாரும் சேர்ந்த அவ்வணியில் பாலுவும் சிவராமும் இடம்பெற்றனர். முதல்தர ஆட்டங்கள் 14. அவற்றுள் அணி வென்றவை இரண்டு, தோற்றவை பத்து. இவ்வளவு தோல்விகளுக்கிடையே பாலுவின் சாதனை ஒளி வீசுகின்றது. பயணத்தின் எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து அவர் 114 விக்கெட்டுகளைச் சாய்த்தார். விக்கெட்டு ஒன்றுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்கள் சராசரி 18.84. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தாருக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 103 ஓட்டங்களுக்கு எட்டுப் பேரை வீழ்த்தினார். லெஸ்டர்ஷயர் அணியை இந்தியர் வென்றபோது 11 விக்கெட்டுகள் அவருடையவை. சாமர்செட் அணிக்கு எதிரான மற்றொரு வெற்றிக்குச் சிவராம் அடித்த நூறு துணை நின்றது. அப்போது பாலுவுக்கு வயது முப்பத்தைந்து. தோளிலே நோவு இருந்தும் அவர் தளராது வீசினார்.

நாடு திரும்பியபோது பம்பாயின் தாழ்த்தப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்றுவந்த இளைஞர் ஒருவர் அவ்வரவேற்பில் பங்கு கொண்டார். அவரே பின்னாளில் நம் அரசியலமைப்பை வகுத்த டாக்டர் அம்பேத்கர். அந்நாளில் அவ்விளைஞருக்குப் பாலு ஒரு வீரநாயகர்.

இத்துணைப் புகழ் பெற்றும் பாலுவுக்கு ஒன்று மட்டும் மறுக்கப்பட்டது. அது அணித்தலைமை. ஆண்டிலும் அனுபவத்திலும் அவரே மூத்தவர். வெற்றிகளுக்கு அவரே காரணர். எனினும் தேர்வுக்குழுவினர் ஆண்டுதோறும் வேறொருவரையே நாடினர். 1913இல் தலைமை ஏற்ற எம். டி. பாய் என்னும் அந்தணர், அப்பெருமை பாலுவுக்கே உரியது என்று பொதுமேடையில் கூறியது அவர்தம் பெருந்தன்மைக்குச் சான்று. 1920இல் பிணக்கு முற்றியது. பாலு அணியினின்று விலக்கப்பட்டார். பாய் நோயுற்றிருந்தபோது தலைமை விட்டலுக்கு வராமல் வேறொருவருக்குச் சென்றது. குலத்தின் பெயரால் இழைக்கப்பட்ட இவ்வநீதியைச் சகியோம் என விட்டலும் சிவராமும் அணியைவிட்டு விலகித் தம் நிலையை அறிக்கையாக வெளியிட்டனர். பொதுமக்கள் அவர்கள் பக்கம் நின்றனர். தேர்வுக்குழு இறங்கி வந்தது. பார்சிகளுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் தம்பியர் இருவரும் திரும்பினர், பாலு துணைத்தலைவரானார். ஆட்டத்தினிடையே பாய் சிறிது நேரம் திடலைவிட்டு நீங்கி, பாலு தலைமை தாங்க வழிவிட்டார். வாழ்நாளெல்லாம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது அச்சிறுபொழுதே.

ஆயினும் அவர் நின்ற நிலை வீண்போகவில்லை. 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு இந்துக்கள் ஐரோப்பியரை வென்று வாகை சூடினர். காந்தியடிகளின் தீண்டாமை எதிர்ப்பு நாடெங்கும் பரவிய காலம் அது. மூத்தவர் கேட்டுப் பெறாததை இளையவர் பெற்றார். பாலுவின் முதல்தரக் கணக்கு 33 ஆட்டங்களில் 179 விக்கெட்டுகள், சராசரி 15.21 என நிலைபெற்றது.

பேஸ்பால் ஆட்டத்தை நாட்டுப்பெருமையாகக் கொண்ட அமெரிக்காவிலும் இதே கதை நிகழ்ந்தது. சாட்செல் பெய்ஜ் என்னும் ஒப்பற்ற பந்து வீச்சாளர், கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் பெருங்கழகங்களில் சேர்க்கப்படாது தம் இளமை முழுவதையும் தனிக்கழகங்களிலேயே கழித்தார். 1947இல் ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்தபின், 1948இல் ஏறத்தாழ 42 வயதில்தான் பெய்ஜுக்குக் கிளீவ்லாந்து அணியில் இடம் கிடைத்தது. அங்கே நிறம், இங்கே குலம். திறமையை வீணாக்குவதில் மனிதர் எங்கும் ஒருபடித்தானவரே.

ஆட்டத்தினின்று ஓய்ந்தபின் பாலு பொதுவாழ்வில் ஈடுபட்டார். 1932இல் தனித்தொகுதிப் பிரச்சினை எழுந்தபோது, சென்னையின் எம். சி. ராஜாவைப் போல அவரும் கூட்டுத்தொகுதியும் ஒதுக்கீட்டு இடங்களும் போதும் என்னும் கருத்தினர். அம்பேத்கர் மாறுபட்ட கருத்தினர். காந்தியடிகளின் உண்ணாநோன்பையொட்டி அவ்வாண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் 30 சென்னை மாகாணத்துக்கு உரியவை. அந்த ஏட்டிலே அம்பேத்கரின் கையொப்பம் உண்டு. பாலுவின் கையொப்பமும் உண்டு. நம் தமிழகத்து எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ராஜாஜி ஆகியோர் கையொப்பங்களும் உண்டு.

1937ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரஸ் பாலுவை அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது. அவர் மனமுவந்து இறங்கிய களமன்று அது. அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். ஒருகாலத்தில் வரவேற்ற இளைஞரும் வரவேற்கப்பட்ட வீரரும் எதிரெதிர் நின்றதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது. எனினும் இருவரும் வேண்டியது ஒன்றே; வழிகளே வேறு. தம் மக்கள் யார் கைக்கும் தாழாத கையுடன் நிற்கவேண்டும் என்பதே அவ்விருவர் வேட்கையும். அவருள் ஒருவரை உயர்த்தற்பொருட்டு மற்றவரைத் தாழ்த்துதல் நமக்கு ஏற்றதன்று.

1955ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் பாலு பம்பாயில் மறைந்தார். அவர் ஆடிய காலத்தில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆட்டம் இல்லை. அது 1932இலேயே வந்தது. ஆகையால் சாதனைப் பட்டியல்களில் அவர் பெயர் முன்வரிசையில் வருவதில்லை. எனினும் இந்தியா பெற்றெடுத்த முதற்பெரும் பந்து வீச்சாளர் என்று வரலாறு அறிந்தோர் அவரைப் போற்றுகின்றனர்.

மாதுங்காத் திடல்களிலும், தாராவிச் சந்துகளிலும், செம்பூர்க் காலனிகளிலும் நம் பிள்ளைகள் மாலைதோறும் பந்து வீசுகின்றனர். அவர்கள் பந்தெறிகையில் எவரும் குலம் வினவுவதில்லை. வேகமும் சுழலுமே வினவப்படுகின்றன. ஆனால் ஆட்டம் முடிந்து வீடு திரும்பியபின்? விருந்துப் பந்தியில், வாடகைக்கு வீடு விடுகையில், மணம் பேசுகையில், சங்கத்துப் பொறுப்புகளைப் பகிர்கையில் நாம் மண்குவளையை எடுத்து வைப்பதில்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூற இயலுமா? ஒருவர் உழைப்பை ஏற்று அவர் தலைமையை மறுப்பதும் மண்குவளைதான்.

தமிழராய் இம்மாநகருக்கு வந்த நாம், வந்த ஊரின் வேற்றுமைகளையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருப்போமாயின் அவற்றை இறக்கிவைக்க இதுவே இடம். பெற்றோர்களே! பாலுவின் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே! அடுத்த ஆண்டு விழாவில் நம் சங்கத்து ஆட்ட அணியைத் தேர்ந்தெடுக்கும் பொழுது, பந்து வீசுபவன் எத்தெருவினன் என்று நோக்காது, அவன் எவ்வாறு வீசுகின்றான் என்பதை மட்டும் நோக்குங்கள். தகுதியுடையவனாயின் தலைமையையும் அவனுக்கே அளியுங்கள். அந்த மூத்த வீரருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவே.