பெயரில் வாழும் பெருமையும் பிழையும்

தோற்றத்தில் ஒத்திருப்பவை எல்லாம் ஒரே குலத்தில் பிறந்தவையா? வேறுபட்டுத் தோன்றுபவை எல்லாம் உறவற்றவையா? உயிரியல் தேர்வுத்தாளில் விரி பரிணாமத்தையும் குவி பரிணாமத்தையும் வேறுபடுத்த முயலும் மாணவர் இவ்வினாக்களை எதிர்கொள்கின்றனர். பரிணாமம் என்னும் கோட்பாடு உருப்பெறுவதற்கு முன்பே இவ்வினாக்களுக்கு வித்திட்ட உயிர்களை உலகுக்குக் காட்டியவர், புதுச்சேரியோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்ட பியேர் சொன்னரா.

தீவிலிருந்து தமிழ் மண்ணுக்கு

சொன்னரா 1748ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். இருபது வயதில் மொரீசியசுத் தீவை அடைந்தார். அங்கு ஆட்சிப் பொறுப்பில் இருந்த உறவினர் பியேர் புவாவர், சாதிக்காயையும் கிராம்பையும் அத்தீவில் வளர்க்க விரும்பினார். அவற்றைத் தேடிச் சென்ற கப்பல் பயணத்தில் சொன்னராவும் பங்கேற்றார். கொமெர்சோன் என்னும் தாவரவியலறிஞரிடம் இயற்கையை உற்றுநோக்கும் பயிற்சியைப் பெற்றார்.

1774 முதல் 1781 வரை அவர் இந்தியாவிலும் சீனாவிலும் பயணம் செய்தார். அக்காலத்தில் புதுச்சேரி, பிரெஞ்சியருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையே கைமாறிக்கொண்டிருந்த நகரம். 1778இல் ஆங்கிலேயர் அதனை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். அமைதியற்ற அந்நாள்களிலும் சொன்னரா பறவைகளையும் செடிகளையும் மக்களின் தொழில்களையும் விழாக்களையும் கோயில்களையும் உற்றுநோக்கிக் குறித்துக்கொண்டார், ஓவியங்களும் வரைந்தார். அவை 1782இல் பாரிசில் நூலாக வெளிவந்தன.

உருவம் சொன்ன பொய்

அந்நூலில் மடகாஸ்கர் தீவின் விலங்கொன்றும் இடம்பெற்றது. அதன் பெயர் அய்-அய். ஓயாது வளரும் வெட்டுப்பற்களைக் கண்ட அறிஞர் கிமெலின், 1788இல் அதனை அணிலினத்தில் சேர்த்தார். பின்வந்தோர் உடலமைப்பை நுணுகி ஆராய்ந்தபோது, அது மனிதனும் குரங்கும் அடங்கிய பிரைமேட் வரிசையைச் சார்ந்த லெமூர் எனத் தெளிந்தனர். மடகாஸ்கரில் மரங்கொத்திகள் இல்லை. அங்கே மரத்தைத் தட்டிப் பார்த்து, பல்லால் துளைத்து, மெலிந்து நீண்ட நடுவிரலால் புழுவை வெளியே எடுத்துண்ணும் வாழ்வை அய்-அய் மேற்கொண்டது. வாழ்க்கைமுறை ஒத்ததால் உறுப்புகளும் ஒத்தன, குலம் ஒக்கவில்லை. இதுவே குவி பரிணாமம்.

சொன்னராவின் பெயர் தாங்கிய சொன்னரேசியா மரமும் இதற்குச் சான்றாகும். பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காட்டில் சொன்னரேசியாவும் அவிசென்னியாவும் சேற்றுக்கு மேலே சுவாச வேர்களை நீட்டி நிற்கின்றன. எனினும் இரண்டும் வெவ்வேறு தாவரக் குடும்பங்களைச் சார்ந்தவை.

கோழியின் முன்னோர்

தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை விவரித்த சொன்னரா, வீட்டுக்கோழியின் மூதாதை அதுவே எனக் கருதினார். 1813இல் அப்பறவைக்கு அவர் பெயரே அறிவியற் பெயராயிற்று. பின்னர் டார்வின் இக்கருத்தை மறுத்து, செந்நிறக் காட்டுக்கோழியே வீட்டுக்கோழியின் முன்னோர் என்றார். அதனை அறிவுலகம் ஏற்றது. ஆயினும் 2008இல் வெளிவந்த மரபணு ஆய்வு, வீட்டுக்கோழிகள் பலவற்றின் மஞ்சள் தோலுக்குரிய மரபணு சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று காட்டியது. டார்வின் சொன்னது பெரும்பகுதி உண்மை. சொன்னரா சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருந்தது.

மெய்யும் வழுவும்

ஐரோப்பாவில் வால்டேர் உள்ளிட்டோர் பழைமையான மறைநூல் என நம்பிப் போற்றிய எசூர்வேதம் என்னும் ஏடு, கிறித்தவ மறைப்பணியாளர் ஒருவரின் புனைவே என்று துணிந்து எழுதியவர் சொன்னரா. பிறரது பொய்ம்மையைக் கண்டறிந்த அவரே தம் எழுத்தில் வழுவினார். தாம் கால்பதிக்காத நியூகினித் தீவுக்குச் சென்றதாக எழுதினார். பென்குயின்களையும் ஆஸ்திரேலியாவின் குக்கபுராப் பறவையையும் அத்தீவுக்கு உரியனவாகக் காட்டினார். அவரை நம்பிப் பிற அறிஞர் சூட்டிய பெயர்கள் இன்றும் மாறவில்லை. ஜென்டூ பென்குயினும் குக்கபுராவும் தாம் வாழாத நிலத்தின் பெயரைச் சுமக்கின்றன. உயிரினம் எங்கே வாழ்கிறது என்பதும் பரிணாமத்தை அறிவதற்குரிய சான்றே. இடம் பிழைத்தால் உறவும் பிழைபடும்.

இறுதிக்காலம்

சொன்னரா மீண்டும் இந்தியா வந்து ஏனாமின் நிருவாகியாகப் பணியாற்றினார். 1793இல் புதுச்சேரி மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்தம் பிடியில் நெடுங்காலம் வாழ்ந்த சொன்னரா, முதுமையில் 1813இல்தான் தாய்நாடு திரும்ப முடிந்தது. அடுத்த ஆண்டே பாரிசில் மறைந்தார். 1816இல் புதுச்சேரி பிரெஞ்சியர் கைக்கு மீண்டதை அவர் காணவில்லை.

காட்டுக்கோழியின் பெயரில் அவர் பெருமை வாழ்கிறது. குக்கபுராவின் பெயரில் அவர் பிழை வாழ்கிறது. கண்டதைக் கண்டவாறே எழுதுவதே அறிவியலின் முதல் அறம் என்பதை அவ்விரு பெயர்களும் ஒருசேர உணர்த்துகின்றன.