ஸுஹைப் ரூமீ (ரலி) செய்த வாணிபம்

ஊர் விட்டு ஊர் பெயர எண்ணுகையில் வரவையும் செலவையும் நாம் சீர்தூக்கிப் பார்ப்பதுண்டு. ஸுஹைப் ரூமீ (ரலி) அவர்களும் பார்த்தார்கள்.

இராக்கில் அரபுக் குலத்தில் பிறந்த அவர்கள், சிறு வயதிலேயே ரோமரிடம் சிறைப்பட்டு அடிமையானார்கள். பின்னர் மக்கா வந்து, விடுதலை பெற்று, வாணிபத்தால் பெருஞ்செல்வர் ஆனார்கள்.

கி.பி. 622-இல் ஹிஜ்ரத்தின் வேளை வந்தது. எண்ணிப் பாருங்கள்! மக்காவில் பொருளுண்டு, ஈமானுக்குப் பாதுகாப்பில்லை. பாலைவழியே 400 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மதீனாவிலோ சொத்தில்லை, சுற்றமில்லை. புதிதாய்க் குடியேறுவோரைக் காய்ச்சல் வேறு வாட்டும். ஆயினும் அங்கே அச்சமின்றித் தொழலாம். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அண்மையும் கிட்டும்.

புறப்பட்டவர்களைக் குறைஷியர் வழிமறித்தனர். வெறுங்கையோடு வந்தவர் தம்மூரில் ஈட்டிய செல்வத்தோடு செல்வதா எனச் சினந்தனர். ஸுஹைப் (ரலி) அவர்கள் பொருள் இருக்குமிடத்தைக் கூறி, அனைத்தையும் அவர்களுக்கே விட்டுக்கொடுத்து, வழியை வாங்கினார்கள்.

அவ்வாணிபம் இலாபமாயிற்றென அண்ணலார் மகிழ்ந்துரைத்தார்கள். அல்பகரா அத்தியாயத்தின் 207-ஆம் வசனம் இவர்கள் பொருட்டே இறங்கியதென விரிவுரையாளர் பலர் கூறுவர்.

644-இல் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு கிடந்தபோது, மக்களுக்குத் தொழுகை நடத்தும் பொறுப்பை இவர்களிடமே ஒப்படைத்தார்கள். ஒருகாலத்தில் அடிமையாயிருந்தவருக்குக் கிட்டிய சிறப்பைப் பார்த்தீர்களா?

ஹிஜ்ரி 38-ஆம் ஆண்டளவில் மதீனாவிலேயே மறைந்தார்கள். நீங்கள் ஊர் பெயரக் கணக்கிடும்போது, ஊதியத்தோடு ஈமானையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.