போன் காட்டும் உயரத்தை நம்பலாமா? 200 ஆண்டுக்கு முன்பே பாடம் சொன்ன லாம்ப்டன்

கிருஷ்ணகிரி – ஓசூர் சாலையில், குருபரப்பள்ளியில் நின்றுகொண்டு போனைப் பார்த்தால், கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு உயரம்னு நொடியில் தெரிந்துவிடும். அந்த எண் எவ்வளவு சரி? அளந்ததை மறுபடி சரிபார்க்காமல் நம்பக் கூடாது என்று வாழ்ந்து காட்டியவர் வில்லியம் லாம்ப்டன்.

யார் இவர்?

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்த ராணுவ அதிகாரி. 1799-ல் திப்பு சுல்தான் மீது படையெடுத்த ஆங்கிலேயப் படை, ராயக்கோட்டை வழியாகத்தான் மைசூர் நாட்டுக்குள் போனது. அதில் லாம்ப்டனும் இருந்தார். ஓர் இரவு படைப்பிரிவு ஒன்று வழி தவறி, எதிரி இருக்கும் பக்கமே நடந்தது. நட்சத்திரங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான்.

எப்படி அளந்தார்?

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து, சுமார் 12 கி.மீ. அடிக்கோட்டை வாரக்கணக்கில் அளந்தார். பிறகு அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியால் கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணம் முக்கோணமாக மேற்கே நகர்ந்தார். மலைகளின் உயரமும் இப்படிக் கோணத்தில் இருந்தே கிடைத்தது.

1804-ல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டை சங்கிலியால் அளந்து பார்த்தார். கணக்கில் வந்த நீளத்துக்கும் இதுக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான்!

1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து, தியோடலைட் சுவரில் மோதி வளைந்தது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து, வாரக்கணக்கில் போராடி அவரே நிமிர்த்தினார். 1823-ல் மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில், அளவைப் பணியின் நடுவிலேயே இறந்தார். அந்த வேலையை எவரெஸ்ட் இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார்.

இன்றைக்கு என்ன?

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம், 11 நாளில் உலகின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. இன்றும் பலர் இலவசமாகப் பயன்படுத்தும் உயரத் தரவு அது. ஆனால் அதற்கு வைத்த இலக்கே, பிழை 16 மீட்டருக்குள் இருந்தால் போதும் என்பதுதான். மரம், கட்டடம் இருந்தால் தரைக்குப் பதில் அவற்றின் உயரமும் சேர்ந்துவிடும்.

மலை ஏறுபவருக்கு இது போதும். தொழிற்சாலைக்கு மழைநீர் வடிகால் வெட்டவோ, ஏரிக்கு வாய்க்கால் எடுக்கவோ போதாது. அங்கே அரை மீட்டர் தப்பினாலே தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும். அதனால், திரையில் பார்த்ததை மட்டமானி வைத்துத் தரையிலும் ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.