கோவணம் கட்டிய நால்வர்

மரக்காணத்து உப்பளத்திலே, மண்டை பிளக்கும் வெயிலிலே உப்பு வாரும் தோழா! சென்னைக் கடற்கரைக்கு வா, உன்னை நீயே வெண்கலத்தில் காணலாம்.

வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899இல் வங்கத்து ரங்கபூர்ப் பகுதியிலே பிறந்தவர். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர். 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்றார்.

அப்போது நகரின் நடுவே, 1839 முதல், குதிரைமீது கொலுவிருந்தார் மன்றோ துரை. சேணமில்லாக் குதிரை என்று ஊரெல்லாம் பேச்சு! அக்குதிரைக்குப் புல் அறுத்தவனை எவர் நினைத்தார்? சௌத்ரி நினைத்தார். நாலே பேர். இடையிலே துண்டுத்துணி, கையிலே நெம்புகோல், புடைத்தெழும் நரம்பு, புரள மறுக்கும் பாறை. பட்டமில்லை, பரியில்லை, பெயருமில்லை! 1923இல் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடிய அதே கடற்கரையிலே, 1959 ஜனவரி 25இல் உழைப்பாளர் சிலை எழுந்தது.

அங்குள்ள காந்தியார் சிலையும் அவர் கைவண்ணமே. 1975இல் மறைந்தார் சௌத்ரி.