சிலி நாட்டுச் சுண்டெலி

தோழர்களே, டென்னிஸ் என்றதும், இது துரைமார் விளையாட்டு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் காலத் தோட்டங்களில், துரைமார் கிளப்பில் இருந்த டென்னிஸ் திடலுக்குப் புல் வெட்டியது யார்? சுண்ணாம்புக் கோடு போட்டது யார்? சாயங்காலமானால் அரைக்கால் சட்டையோடு ஓடி ஓடிப் பந்து பொறுக்கியது யார் வீட்டுப் பிள்ளைகள்? பெரியவர்கள் கதை கதையாகச் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். பந்தைப் பொறுக்கிக் கொடுக்கலாம். மட்டையை மட்டும் தொடக்கூடாது.

இன்று நாம் சொல்லப்போவது, அப்படித் திடலின் ஓரத்திலேயே வளர்ந்து, மட்டையையும் தொட்டுவிட்ட ஒரு பெண்ணின் கதை. தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு இருக்கிறது. ஒரு பக்கம் ஆண்டீஸ் மலை, மறுபக்கம் பசிபிக் கடல், நடுவில் வாரைப் பிடித்து இழுத்தாற்போல் நீண்டு கிடக்கும் நாடு. அதன் தலைநகரம் சாண்டியாகோ. அங்கே 1915 நவம்பர் 19-ஆம் நாள் பிறந்தவர் அனிதா லிசானா.

சாண்டியாகோவில் கின்டா நார்மல் என்னும் பெரிய பூங்கா உண்டு. அது முதலில் விவசாயத் தோட்டமாகத்தான் தொடங்கப்பட்டது. வெளிநாட்டு மரக்கன்றுகளைக் கொண்டுவந்து அந்த மண்ணில் பழக்கிப் பார்ப்பதற்காக 1840-களில் அரசாங்கம் ஏற்படுத்திய இடம். பிறகு மெல்ல மெல்ல நகரத்து மக்கள் காற்று வாங்கும் பூங்காவாக மாறிற்று. அங்கிருந்த டென்னிஸ் திடல்கள்தான் அனிதாவின் தகப்பனாருக்குப் பிழைப்பு. ஆட வருகிறவர்களுக்கு ஆட்டம் பழக்கிக் கொடுத்துச் சம்பாதித்தவர். பிள்ளைக்கு வேறு விளையாட்டு ஏது? அப்பா நிற்கும் இடத்தில் தானும் நின்று, மட்டையை எடுத்துத் தட்ட ஆரம்பித்தது.

ஆள் குள்ளம். ஆனால் திடலுக்குள் இறங்கிவிட்டால் இங்கே இருப்பார், அங்கே இருப்பார். அந்த வேகத்தைப் பார்த்த ஊர் மக்கள் செல்லமாக வைத்த பெயர்தான் சுண்டெலி. 1930-ல் சிலி நாட்டின் பெண்கள் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 15 அல்லது அதற்கும் கீழே. அதற்கடுத்த நான்கு ஆண்டுகளும் அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

அந்த ஆண்டுகள் எப்பேர்ப்பட்ட ஆண்டுகள் என்பது நம்மவர்களுக்குத் தெரியும். உலகமெங்கும் வியாபாரம் படுத்துப்போன காலம். மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளர்களை வேலையை விட்டு நிறுத்திக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்களே, அதே காலம். நமக்கு ரப்பர் என்றால் சிலிக்கு வெடியுப்பு. உரத்துக்கும் வெடிமருந்துக்கும் பயன்படும் அந்த உப்பை வடக்குப் பாலைவனத்தில் தோண்டி விற்றுத்தான் நாடே சாப்பிட்டது. ஜெர்மானியர் அதைத் தொழிற்சாலையிலேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். போதாததற்கு மந்தமும் வந்தது. உலகத்திலேயே அந்த மந்தத்தில் மிக மோசமாக அடிபட்ட நாடு சிலிதான் என்று அன்றைய உலக நாடுகள் சங்கமே கணக்கெடுத்து எழுதியது. உப்புச் சுரங்கங்கள் மூடப்பட்டு, தொழிலாளர் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு சாண்டியாகோவுக்கு வந்து குவிந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு பெண் பந்து தட்டி வென்றாள் என்றால், அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1935-ல் அனிதா இங்கிலாந்துக்குப் போனார். சிலியில் ஆடியது செம்மண் திடல். இங்கே பச்சைப் புல்திடல். பந்து எழும்பும் விதமே வேறு. இருந்தும் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்த போட்டிகளில் பட்டங்களை வெல்லத் தொடங்கினார். 1936-லும் 1937-லும் விம்பிள்டனில் கால் இறுதிவரை போனார். முதல் தடவை அமெரிக்காவின் ஹெலன் ஜேக்கப்ஸிடமும், அடுத்த தடவை பிரான்சின் சிமோன் மத்தியூவிடமும் தோற்றார். சின்ன ஆட்டக்காரர்களிடம் தோற்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

அவருடைய ஆயுதம் என்ன தெரியுமா? பலம் அல்ல. பந்தை வலைக்கு மேலே மெல்லத் தூக்கி, அந்தப் பக்கம் வலையோரத்திலேயே செத்து விழும்படி போடுவது. நம் பிள்ளைகள் பூப்பந்தில் போடுவார்களே, எதிராளி பின்னால் நிற்கும் நேரம் பார்த்து முன்னால் தொட்டுப் போடுவது, அதே வித்தைதான். எதிராளி எவ்வளவு ஓங்கி அடிக்கிறவராக இருந்தாலும், கைக்கு எட்டாத பந்தை என்ன செய்ய முடியும்?

1937 செப்டம்பரில் நியூயார்க் நகரத்தின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் திடலில் அமெரிக்க நாட்டுப் பட்டத்துக்கான போட்டி. அந்த வாசல் அன்று எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. 1950-ல் ஆல்தியா கிப்சன் வரும்வரை கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அங்கே இடமே கிடையாது. போன ஆண்டு வென்ற ஆலிஸ் மார்பிளை டோரதி பண்டி என்ற அமெரிக்கப் பெண் கால் இறுதியில் தோற்கடித்துவிட்டார். இந்தப் பண்டி சாதாரணக் குடும்பத்துப் பெண் அல்ல. தாயார் மே சட்டன், 1905-லேயே விம்பிள்டனை வென்றவர். தகப்பனாரும் பட்டம் வென்ற ஆட்டக்காரர். அரை இறுதியில் அந்தப் பண்டியை 6-2, 6-3 என்று சுண்டெலி வீட்டுக்கு அனுப்பி வைத்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவர் போலந்து நாட்டுப் பெண் யாத்விகா யெண்ட்ஜெயோவ்ஸ்கா. பின்பாதிப் பெயர் நம் வாயில் நுழையாது, யாத்விகா என்றே வைத்துக்கொள்வோம். இவர் யார் என்று தேடிப் படித்தபோதுதான் நமக்கே இந்தக் கதையை எழுத வேண்டும் என்று தோன்றியது. கிராக்கோவ் நகரத்தில் ஓர் ஏழைத் தொழிலாளி வீட்டுப் பெண். வீட்டுக்குப் பக்கத்தில் டென்னிஸ் திடல் இருந்ததால் அங்கே பந்து பொறுக்கப் போய், பார்த்துப் பார்த்தே ஆடப் பழகியவர். பாருங்கள், பணக்காரர்களின் விளையாட்டு என்று பெயர் பெற்ற ஆட்டத்தில், அமெரிக்காவின் பெரிய பட்டத்துக்காக நின்ற இருவரில் ஒருவர் கூலிக்கு ஆட்டம் பழக்கியவரின் மகள், மற்றவர் பந்து பொறுக்கிய பிள்ளை.

யாத்விகாவின் அடி இடிபோல் விழும். அந்த ஆண்டு விம்பிள்டன் இறுதிவரை போய், மயிரிழையில் பட்டத்தைத் தவறவிட்டு வந்திருந்தார். ஆனால் அன்று அனிதா அவரை நின்ற இடத்தில் நின்று அடிக்க விடவில்லை. முன்னால் ஓட வைத்தார், பின்னால் ஓட வைத்தார். 6-4, 6-2. அந்தப் போட்டி முழுவதிலும் அனிதா ஒரு செட் கூட இழக்கவில்லை. லத்தீன் அமெரிக்காவிலிருந்து இப்படி ஒரு பெரிய ஒற்றையர் பட்டத்தை ஆணோ பெண்ணோ வென்றது அதுவே முதல் தடவை. அந்த ஆண்டின் உலக வரிசையிலும் அவருக்கு முதலிடம் கொடுத்தார்கள். வயது 21.

சரி, பரிசுப் பணம் எவ்வளவு என்று கேட்பீர்கள். நாமும் அதைத்தான் முதலில் கேட்டோம். ஒரு காசு கிடையாது. கோப்பை, கைதட்டல், அவ்வளவுதான். அன்றைய பெரிய போட்டிகளெல்லாம் சம்பளம் வாங்காதவர்களுக்கு மட்டும்தான். வழிச்செலவு வாங்கலாம், ஆடுவதற்குப் பணம் வாங்கினால் தள்ளிவைத்து விடுவார்கள். ஆட்டம் கற்றுக் கொடுத்துக் கூலி வாங்குகிறவருக்கும் அங்கே இடமில்லை. அதாவது மகள் உலகத்தை வென்ற திடலில், அதே ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்துப் பிழைத்த அப்பா போட்டிக்கு நிற்க முடியாது! டிக்கெட் விற்ற பணம் யாருக்குப் போனது என்பதை விளக்க வேண்டியதில்லை. நூல் ஆலைத் தொழிலாளியாக இருந்து பாராளுமன்றம் போனவரின் மகன் ஃபிரெட் பெர்ரி, மூன்று தடவை விம்பிள்டனை வென்றுவிட்டு, 1936 முடிவில் பணத்துக்கு ஆடப் போனார். அன்றோடு அந்த வாசல் அவருக்கு அடைபட்டது. சோற்றுக்குக் கவலையில்லாதவர்கள் போட்ட சட்டம் இது. இதை நாம் பெருந்தன்மை என்று ஒப்புக்கொள்ள மாட்டோம்.

1938 ஜூலையில் அனிதா, ரொனால்ட் எல்லிஸ் என்ற ஸ்காட்லாந்து ஆட்டக்காரரை மணந்து, டண்டி நகரத்தில் குடியேறினார். நம் தாத்தாமார் சுமந்த சாக்கு இருக்கிறதே, அந்தச் சணல் தொழிலுக்குப் பேர்போன ஊர் டண்டி. வங்காளத்துச் சணல் கப்பலில் போய் இறங்கும். ஆலைகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே அனிதா மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். அந்தக் காலப் போட்டிப் பட்டியல்களில் கல்யாணமான பெண்ணைப் புருஷன் பெயரில்தான் எழுதுவார்கள். உலகத்தில் முதலிடம் பெற்ற அனிதா லிசானா, திருமதி எல்லிஸ் ஆகிப்போனார்.

அடுத்த வருஷமே உலகப் போர். ஆறு ஆண்டுகள் விம்பிள்டன் நடக்கவே இல்லை. ஓர் ஆட்டக்காரருக்கு 24 வயதிலிருந்து 30 வரை என்றால் அதுதான் பொன்னான காலம். அது அப்படியே போயிற்று. யாத்விகாவின் நிலைமை இன்னும் கொடுமை. ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட போலந்தில் மாட்டிக்கொண்டார். டென்னிஸ் பிரியரான ஸ்வீடன் நாட்டு மன்னர் வெளியே வர உதவுவதாகச் சொல்லியும், ஊரை விட்டுப் போக மறுத்துவிட்டார். போரைத் தாண்டிப் பிழைத்து, 1980-ல் காலமானார்.

அனிதா மறுபடியும் மட்டையைப் பிடித்தாலும் பழைய உயரத்துக்குப் போகவில்லை. 1959-ல் பிரேசில் நாட்டு மரியா புவேனோ அதே ஃபாரஸ்ட் ஹில்ஸில் வென்றார். தென் அமெரிக்கப் பெண் ஒருவர் அங்கே மறுபடி வெல்ல 22 ஆண்டுகள் ஆயின. 1968-ல்தான் பணம் வாங்குகிறவர், வாங்காதவர் என்ற பிரிவினை போய், விம்பிள்டனில் பரிசுப் பணம் வந்தது. அதிலும் பாருங்கள், ஆணுக்கு 2,000 பவுன், பெண்ணுக்கு 750 பவுன். பெண்கள் ஒன்றுகூடிப் போராடி, 1973-ல் அமெரிக்கப் போட்டியில் சமப் பரிசு வாங்கினார்கள். அப்போது அனிதாவுக்கு வயது 57.

1994 ஆகஸ்ட் 21-ஆம் நாள், இங்கிலாந்தின் தெற்கே ஃபெர்ன்டவுன் என்னும் ஊரில், 78-வது வயதில் அவர் காலமானார்.

சாண்டியாகோவில் தேசிய விளையாட்டரங்கம் ஒன்று உண்டு. 1938 டிசம்பரில் திறந்தது. 1973-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது ஆயிரக்கணக்கான மக்களை, தொழிற்சங்கத் தோழர்கள் உட்பட, அடைத்து வைத்து வதைத்த இடமும் அதுவே. அந்த வளாகத்தில் உள்ள முதன்மை டென்னிஸ் திடலுக்கு இன்று அனிதா லிசானா என்று பெயர். சிலி நாட்டில் ஆண்களிலும் பெண்களிலும் அப்படி ஒரு பெரிய ஒற்றையர் பட்டத்தை வேறு யாரும் இன்னும் வெல்லவில்லை.